ஐயம்பேட்டையில் இறங்கிய மகனுக்கு

பாபு,

இன்னும் ஒரு மாதத்தில் நம் வீட்டில் உன் கல்யாணம். பந்தல்காரர் வந்து தெருவை அளந்துவிட்டுப் போயிருக்கிறார். யார் யாருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று உன் அப்பா சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவரைக் கேட்டால் நம் காஞ்சிபுரம் வழியாகப் போகும் எல்லா பஸ்ஸின் டிரைவரும் கண்டக்டரும் நமக்குச் சொந்தக்காரர்கள்தான். நீ வந்து இறங்கிய நிமிஷத்திலிருந்து வீட்டில் ஜனம் நிறைந்திருக்கும். கல்யாண வீட்டில் ஒரு தாய் மாப்பிள்ளைப் பிள்ளையோடு நிதானமாக உட்கார்ந்து பேசியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அதனால் சொல்ல வேண்டியதை இப்போதே எழுதி, நீ டென்னிஸ் ஆடிக்கொண்டிருக்கும் ஊரின் கிளப் விலாசத்துக்கு அனுப்புகிறேன். இது உன் கைக்கு வரும்போது நீ ஜெயித்திருக்கலாம், தோற்றிருக்கலாம். எதுவானாலும் கால்களை நீட்டி உட்கார்ந்து படி. மற்றவர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிள்ளையை விளையாட அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய் தகப்பன்கள் யாராவது படித்தால் நல்லதுதான்.

உன்னைப் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் எழுதும்போது, சின்ன ஊரில் பிறந்து தானாகவே ஆடக் கற்றுக்கொண்டவன் என்று எழுதுகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு டாக்டரம்மா ஞாபகம் வருகிறது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதுதான் அவர் நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்திருந்தார். டென்னிஸ் என்றால் உயிர். நம் ஊர் ஆபீசர்ஸ் கிளப்பில் ஒரே ஒரு மண் கோர்ட் இருந்தது. அங்கே ஆடியவர்கள் எல்லோரும் ஆண்கள். ஒரு பெண்ணோடு ஆடித் தோற்க அவர்களில் ஒருவருக்கும் மனமில்லை. என் பள்ளிக்கூடத்துக்கு மாணவிகளைப் பரிசோதிக்க வந்த டாக்டரம்மா, பெண்களோடு நான் டென்னிகாய்ட் வளையம் வீசிக்கொண்டிருந்ததை நின்று பார்த்தார். "டீச்சர், உங்க கை நல்லா வருது. சாயங்காலம் கிளப்புக்கு வாங்க, நாம ரெண்டு பேரும் ஆடலாம். அவங்க பாத்துக்கினு இருக்கட்டும்" என்றார். நான் டிரில் டீச்சர், ஓடுவதும் குதிப்பதும் என் உத்தியோகம். ஆனால் டென்னிஸ் ராக்கெட்டை அதற்கு முன் தொட்டதில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பள்ளிக்கூட கான்வாஸ் ஷூவோடு போனேன். உன்னை எங்கே விடுவது? கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். நீ அப்போது மூன்றாம் வகுப்பு.

அந்தக் கோர்ட்டின் மூன்று பக்கமும் வேலிக்காத்தான் முள். பந்து சென்னையிலிருந்து வர வேண்டும். கிளப்பில் ஒரு டப்பா பந்து வந்தால் அதை மஞ்சள் குங்குமம் வைக்காத குறையாகப் பூட்டி வைப்பார்கள். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஆபீசர்கள் ஆடி முடித்து மொட்டையாகிப் போன பந்துகள். அதிலும் ஒன்று முள்ளுக்குள் போய்விட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. நீ ராக்கெட்டைக் கையில் எடுத்த முதல் நாளிலிருந்தே நானும் டாக்டரம்மாவும் மாற்றி மாற்றிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "வெளிய அடிக்காதடா பாபு. பந்து போச்சுன்னா ஆட்டம் போச்சு." நீ அதை அப்படியே பிடித்துக்கொண்டாய். எங்கே போட்டாலும் ஓடிப்போய்க் கோட்டுக்குள் திருப்பிப் போட்டாய். உனக்கு மீசை அரும்புவதற்கு முன்பே உன்னை ஜெயிக்க அந்த கிளப்பில் ஆள் இல்லை. அதிகாரிகள் உன்னோடு ஆடத் தயங்கி, டாக்டரம்மாவோடு ஆட ஆரம்பித்தார்கள். "உன் பிள்ளையாலதான் எனக்கு மரியாதை வந்துது" என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

உன்னைச் சென்னைப் போட்டிகளுக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். அங்கே ஆட வந்த பிள்ளைகள் காரில் வந்தார்கள். ஒவ்வொருவனிடமும் இரண்டு மூன்று ராக்கெட்டுகள். பந்தை அடித்தால் வெடி போல சத்தம் கேட்கும். நீ பின்கோட்டில் நின்று எல்லாவற்றையும் திருப்பிப் போட்டாய். நாலு பந்து, ஐந்து பந்து திரும்பி வந்ததும் அவர்களுக்குக் கோபம் வரும். கோபத்தில் ஓங்கி அடிப்பார்கள், பந்து வெளியே போகும். பாயிண்ட் உனக்கு. உன்னைச் 'சுவர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான தேசியப் போட்டியைக் கல்கத்தாவில் நீ ஜெயித்தபோது, உன் அப்பாவின் முதலாளி ஒரு பஸ்ஸுக்கு வாழைமரம் கட்டி அதில் உன்னை ஏற்றி நாலு ராஜ வீதியும் சுற்றிவரச் செய்தார். உன் அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது புறப்பட வேண்டும் என்று பார்த்து விசில் ஊதுவது அவர் வேலை. அன்றைக்கு எந்த பஸ்ஸும் நேரத்துக்குப் புறப்படவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த வேனிற்காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். விளையாட்டுக்காரர் என்ற முறையில் ரயில்வேயில் உனக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். அதே சமயம், ஐரோப்பாவில் ஒரு பருவம் முழுக்க ஆட நாலு இளைஞர்களை அனுப்பப் போவதாகச் சென்னை கிளப்காரர்கள் சொன்னார்கள். அங்கே ஆடுகிறவர்களுக்கு ஆட்டம்தான் தொழில், வேறு வேலை கிடையாது. உன் அப்பா மாகறல் பக்கத்து விவசாயக் குடும்பம். மழை வந்தால் சோறு, வராவிட்டால் இல்லை என்று வளர்ந்தவர். அவர் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உன் எதிரில் உட்கார்ந்தது எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது.

"ரயில்வே வேலைன்னா இன்னான்னு தெரியுமா உனக்கு? நான் சாவற வரைக்கும் பஸ் பின்னால ஓடணும். நீ உக்காந்துக்கினு இருந்தாலே போதும், ரயில் தானா ஓடும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நீ சிரிக்கவில்லை. "இங்க இருக்கறவங்க எல்லாரையும் ஜெயிச்சிட்டேன்பா. ஆனா நான் நெஜமாவே நல்லா ஆடறேனா இல்லையான்னு எனக்கே தெரியல" என்றாய்.

ஒரு பதினெட்டு வயதுப் பையன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். கடைசியில் "சரி, தெரிஞ்சிக்கினு வா" என்று எழுந்து கை கால் கழுவப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக உன் அப்பாவுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். பயந்துகொண்டேதான் சொன்னார். பயந்தாலும் சொன்னார்.

உன்னை வழியனுப்ப ஊரே வந்தது. ஒரு பட்டு வியாபாரி ஜரிகை அங்கவஸ்திரம் போர்த்தினார். கோயிலிலிருந்து மாலை வந்தது. நாதஸ்வரம்கூட வந்தது. எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அத்தனை பேரின் ஆசையையும் ஒரு சின்னப் பையன் தோளில் ஏற்றி அனுப்புகிறோம் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. போன முதல் வாரம் ஒரு படக் கார்டு வந்தது. மலை, ஏரி, பின்னால் "நலம்" என்று உன் கையெழுத்து. அப்புறம் ஒன்றும் இல்லை. வெளிநாட்டுத் தபாலுக்காக நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் தபால்காரரைத் தெருமுனையிலேயே நிறுத்திக் கேட்பேன். பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தில் பொடி எழுத்து முடிவுகளைக்கூடத் தேடிப் பார்ப்போம். பஸ் ஸ்டாண்டில் அப்பாவைக் கேட்பார்கள்: "பையன் எப்டி ஆடறான், டைம் கீப்பரே?" அவர் சொல்வார்: "ஆடிக்கினு இருக்கிறான்பா." அதற்கு மேல் சொல்ல அவரிடம் எதுவும் இருந்ததில்லை. பாபு, நீ தோற்றது எங்களுக்கு ஒரு நாளும் பாரமாக இருக்கவில்லை. நீ எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று தெரியாமல் இருந்த அந்த மாதங்கள்தான் பாரம். இதைப் பற்றிப் பின்னால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பாட்டுக்கு வந்தேன். பின்கட்டுக் கிணற்றடியில் நீ உட்கார்ந்திருந்தாய். சட்டையெல்லாம் வியர்வை, காலெல்லாம் புழுதி, பக்கத்தில் ராக்கெட் பை. முகம் ஒடுங்கி, தாடி வைத்து, ஒரு நொடி எனக்கு அடையாளமே தெரியவில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டாய். சாப்பிட்ட தட்டைப் பார்த்துக்கொண்டே, "அங்க எவனும் தப்பே பண்ண மாட்டேங்கறான்மா" என்றாய். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். முதல் ஆட்டத்தில் உன் எதிரே வந்தவனுக்கு முன்தலை வழுக்கை. அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு கம்பி வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தாள். நீ வழக்கம்போல எல்லாவற்றையும் திருப்பிப் போட்டாய். அவனுக்குக் கோபமே வரவில்லை. நிதானமாக வலைக்குப் பக்கத்தில் நடந்து வந்து, நீ திருப்பிய பந்தைத் தரையில் விழவிடாமல் உன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போனான். ஆட்டம் முடிந்ததும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டான். அடுத்த ஊரிலும் அப்படித்தான், அதற்கடுத்த ஊரிலும் அப்படித்தான். தகுதிச் சுற்றைத் தாண்டி ஒரு போட்டிக்குள்கூட நீ நுழையவில்லை. "ஜூனியர்ல அவனுங்க தோத்தானுங்கமா. நான் ஜெயிக்கல" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்தாய்.

சாயங்காலம் அப்பா வந்தார். வாலாஜாபாத் வழியாக வந்த பஸ்ஸின் கண்டக்டர் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். நீ காஞ்சிபுரத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டு, வழியில் ஐயம்பேட்டையிலேயே இறங்கி, வெயிலில் வயல் வரப்பு வழியாக நடந்து வந்திருக்கிறாய். பஸ் ஸ்டாண்டில் உனக்கு மாலை போட்ட ஜனங்கள் முகத்தில் விழிக்கக்கூடாது என்று. அங்கே விசிலோடு நிற்கும் அப்பாவின் முகத்திலும்தான். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, இவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று பயந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உன் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஐயம்பேட்டையில இன்னா வேல உனக்கு?"

நீ எழுந்து நின்றாய்.

"டிக்கெட் எந்த ஊருக்கு எடுத்தே?"

"காஞ்சிபுரத்துக்குப்பா."

"அப்போ காஞ்சிபுரத்துலதான் எறங்கணும். காசு குட்த்துட்டு பாதியில எறங்குனா கம்பெனிக்குத்தான் லாபம். போ, போயி குளிச்சிட்டு வா. மூஞ்சியெல்லாம் மண்ணு."

நீ குளிக்கப் போனாய். வாளியில் தண்ணீர் சத்தத்துக்கு நடுவில் நீ அழுவது கேட்டது. உன் அப்பா கேட்காதவர் போல ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணும் சரியாக இல்லை.

ரயில்வே வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. நீ ராக்கெட் பையைப் பரண்மேல் போட்டாய். வெளியே போவதை நிறுத்தினாய். மழைக்காலம் முழுக்க அப்படியே போனது. நானும் உனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தேடினேன், கிடைக்கவில்லை. கடைசியில் என் சொந்தக் கஷ்டத்துக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூட டென்னிகாய்ட் அணி மாவட்டப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. எனக்கோ கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. பெண்களுக்கு எதிரில் நின்று வீச ஆள் வேண்டும். "நாளைக்கு வந்து எதிர்ல நில்லுடா. எனக்காக" என்றேன். தலைமையாசிரியையிடம் அனுமதியும் வாங்கினேன். நீ வேண்டாவெறுப்பாக வந்தாய்.

டென்னிகாய்ட் உனக்குத் தெரிந்ததுதான், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவில் வலை. வருகிற ரப்பர் வளையத்தை ஒரு கையால் பிடித்து உடனே திருப்பி வீச வேண்டும். தரையில் விழுந்தால் பாயிண்ட் போயிற்று. எங்கள் அணித் தலைவி சரோஜா தறிக்கார வீட்டுப் பெண். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். ஆட்டச் சூட்டில் தமிழ் மறந்து "பட்டு! பட்டு!" என்று கத்துவாள். பிடி, பிடி என்று அர்த்தமாம். அவள் பள்ளியில் சேர்ந்த புதிதில், இவள் எதற்கு நடு ஆட்டத்தில் புடவை விற்கிறாள் என்று நான் நினைத்திருக்கிறேன். தேசிய சாம்பியனான நீ அந்தப் பெண்களிடம் வரிசையாகத் தோற்றாய். வளையம் வரும்போதெல்லாம் உன் கால் பழக்கத்தில் பின்னால் போகும். அது உன் முன்னால் விழும். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உனக்கு ரோஷம் வந்து, "எங்க ஆட்டத்துல பந்து ஒரு தடவ கீழ உழலாம்மா, அந்தப் பழக்கம்" என்றாய்.

சரோஜா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "உழலாம் சரிண்ணா. உழணும்னு சட்டமா இன்னா? அது எறங்கி வர்ற வரைக்கும் நீங்க எதுக்கு அங்க போயி காத்துக்கினு இருக்கிறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தாய். வீட்டுக்கு நடந்து பெரிய கோபுரம் வரைக்கும் வந்த பிறகு, "அம்மா, அந்த வழுக்கைத் தலையன் காத்துக்கினு இல்லமா. நான்தான் காத்துக்கினு இருந்தேன்" என்றாய். மறுநாள் பரணிலிருந்து ராக்கெட் பை இறங்கியது.

சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் வளையம். காலையில் கிளப்பில் பந்து. நீ வலைக்குப் பக்கத்தில் ஓடிவந்து, பந்தை விழவிடாமல் அடிக்கப் பழகினாய். அதுவரை உன் ராக்கெட்டிலிருந்து வெளியே போகாத பந்தெல்லாம் வெளியே போனது. வேலிக்குள், சாக்கடைக்குள், ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்குள். நாலு நாளில் கிளப்பில் பந்து தீர்ந்தது. ஒரு நாள் அப்பா டியூட்டிக்குப் போகும் வழியில், நீ முள்ளுக்குள் குனிந்து தவழ்ந்து பந்து தேடுவதைப் பார்த்திருக்கிறார். கையெல்லாம் கீறல், சட்டை கிழிந்திருந்தது. எங்களுக்குத் தெரியாமல் சென்னைக்குப் போகும் டிரைவர், கண்டக்டர் எல்லோரிடமும் சொல்லி வைத்தார். அவர்கள் சாப்பாட்டு நேரத்தில் அங்கங்கே கிளப்புகளில் போய், தூக்கிப் போடுகிற பந்து இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, டிரைவர் சீட்டுக்குக் கீழே போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா ஒரு கோணிப்பையைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளப்புக்கு வந்தார். கோர்ட்டின் நடுவில் அதைக் கவிழ்த்தார். உருண்டு ஓடிய பந்துகளைப் பார்த்து நீ அப்படியே நின்றாய்.

"இவ்ளோ இருக்குது. தீந்துச்சின்னா இன்னும் வரும். எவ்ளோ வேணும்னாலும் வெளிய அடி" என்றார்.

டென்னிஸில் பாயிண்ட் எப்படி எண்ணுவார்கள் என்றுகூட உன் அப்பாவுக்கு அப்போது தெரியாது. ஆனால் உனக்கு என்ன தேவை என்று எனக்கு முன்பே, டாக்டரம்மாவுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் இருவரும் உன்னைப் பத்திரமாக ஆடச் சொல்லி வளர்த்தோம். அந்தப் பத்திரம் உன்னை ஓர் எல்லை வரைக்கும் கொண்டுபோய் விட்டது. அதற்கு மேல் போக, தவறு செய்ய உனக்கு இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தை ஒரு கோணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தவர் அவர். நீ ஒரு நாள் தகப்பன் ஆவாய். அப்போது இதை நினைத்துக்கொள்.

இரண்டாவது தடவை நீ ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது மாலை இல்லை, மேளம் இல்லை. அப்பாவே விசில் ஊதி பஸ்ஸை அனுப்பினார். இந்தத் தடவை கடிதம் வந்தது, வாரம் தவறாமல். "இன்றும் தோற்றேன். ஆனால் வலைக்குப் போய்த் தோற்றேன்" என்று ஒன்று. "தகுதிச் சுற்றில் ஒரு ஆட்டம் ஜெயித்தேன், மழையில் கால் வழுக்கி அடுத்ததைத் தோற்றேன், நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மாள் உருளைக்கிழங்கைத் தவிர வேறொன்றும் சமைப்பதில்லை" என்று ஒன்று. ஒவ்வொன்றையும் அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்துப்போய் வாசித்துக் காட்டுவார். நீ தோற்ற கதையைக் கேட்க டீக்கடையில் கூட்டம் கூடும். "அடுத்த வாட்டி புடிச்சிடுவான்" என்பார்கள். ஜெயித்தபோது உன்னைக் கொண்டாடிய ஊர், தோற்றபோதும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நீ எழுதிச் சொன்னதால்தான் அவர்களால் அப்படி உட்கார முடிந்தது.

பிறகு ஒரு குளிர்காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் சென்னைக்கு ஆட வந்தார்கள். நீயும் தகுதிச் சுற்று தாண்டி அந்தப் போட்டிக்குள் வந்திருந்தாய். நானும் அப்பாவும் போனோம். உன் தொழிலை நாங்கள் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. எதிரில் இருந்தவன் உன்னைவிட ஒரு முழம் உயரம். அவன் பந்து போடும் வேகத்தைப் பார்த்து அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். நீ ஒரு செட் தோற்றாய், ஒரு செட் பிடித்தாய். மூன்றாவதில், ஜெயிக்க இன்னும் ஒரே பாயிண்ட் இருக்கும்போது, நீ சர்வீஸ் போட்டுவிட்டு அந்தப் பந்தின் பின்னாலேயே வலைக்கு ஓடினாய். "ஐயோ, இன்னாத்துக்கு முன்னால போறான்!" என்று அப்பா எழுந்துவிட்டார். அவன் அடித்த பந்து உன் நெஞ்சுக்கு நேராக வந்தது. எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, சரோஜாவின் குரல் என் தொண்டையில் வந்து "பட்டு!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சென்னை அம்மாள் திடுக்கிட்டுத் தன் புடவையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நீ பந்தை விழவிடாமல் மெல்லத் தட்டினாய். வலைக்கு அந்தப் பக்கம் இரண்டடியில் விழுந்து படுத்துவிட்டது.

அடுத்த சுற்றில் தோற்றாய். மூன்று பேரும் ஒன்றாக பஸ்ஸில் ஊர் திரும்பினோம். ஐயம்பேட்டை வந்ததும் அப்பா உன்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நீ ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் டீக்கடையிலிருந்து குரல் வந்தது: "இன்னா பாபு, ஆச்சா?" நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "ஒண்ணு ஜெயிச்சேன், ஒண்ணு தோத்தேண்ணே. டீ போடுங்க" என்றாய். எனக்கு அந்த ஆட்டத்தைவிட இந்தப் பதில்தான் பெரிதாக இருந்தது.

நீ உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவன் இல்லை. அதை நீயே எங்களிடம் சொல்லியிருக்கிறாய், வருத்தமில்லாமல். ஊர் ஊராகப் போகிறாய், ஆடுகிறாய், அந்த ஆட்டத்தால் பிழைக்கிறாய். இப்போது இரட்டையர் ஆட்டத்தில் உன்னைக் கூட்டுச் சேர்க்கத் தேடி வருகிறார்களாம், வலைக்குப் பக்கத்தில் உன் கை நன்றாக இருக்கிறதென்று. டாக்டரம்மா ஓய்வு பெற்று அவர் ஊருக்குப் போய்விட்டார், கல்யாணத்துக்கு வருவதாக எழுதியிருக்கிறார். சரோஜா இன்றைக்கு வேறொரு ஊரில் டிரில் டீச்சர். அவளும் வருகிறாள். அந்த டிரைவர் கண்டக்டர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பந்தியில் முதல் வரிசை அவர்களுக்குத்தான் என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார். நீ எல்லோர் எதிரிலும் போய் நின்று உன் வாயால் நன்றி சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு என் பின்னால் ஒளியக்கூடாது.

தகவல் இல்லாத அந்த மாதங்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேனே, அதுதான் இது. போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போகும் வசந்தி அவள் அம்மாவோடு முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருந்தாள். கடையில் அவர்கள் புடவையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் மெதுவாக உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றாள். பாங்கில் வேலை பார்க்கிற பெண், எதையும் முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும் அவளுக்கு. "மாமா, அவரு தோத்துட்டு வந்தா வீட்ல எப்படி இருப்பாரு?" என்று கேட்டாள்.

அப்பா யோசித்தார். "பேச மாட்டாம்மா. அர நாளு அப்படியே உட்டுடு. ஒண்ணும் கேக்காத. அப்பறம் அவனே பசிக்குதுன்னு வருவான். வந்தப்புறம் எல்லாத்தையும் சொல்லுவான், நீ வேணாம்னாலும் உட மாட்டான்" என்றார்.

அவள் தலையாட்டிக்கொண்டாள். ஒரு பாடத்தைக் குறித்துக்கொள்கிற மாதிரி, அவ்வளவு கவனமாக. எனக்குச் சிரிப்பு வந்தது. பாபு, ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு வரும் அந்த அரை நாள் முழுக்க இத்தனை வருஷமாக நான்தான் காத்திருக்கிறேன். அடுப்பில் சோற்றை மூடி வைத்துக்கொண்டு, உன் காலடிச் சத்தம் சமையலறைப் பக்கம் திரும்புகிறதா என்று கேட்டுக்கொண்டு. உலகத்தில் எனக்குக் கிடைத்த நல்ல நேரங்களில் அவையும் சேர்த்தி. இனி அவள் காத்திருப்பாள். நீ எந்த ஊரில் தோற்றாலும் அவளுக்கு அன்றைக்கே எழுது. பக்கத்தில் இருந்தால் சொல்லு. அரை நாளுக்கு மேல் அவளைக் காக்க வைக்காதே. அந்த அரை நாளை நான் சந்தோஷமாகத்தான் அவளுக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

சீக்கிரம் வந்து சேர்.

அம்மா